கறுப்பு வண்டியும் மஞ்சத் துணியும்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்குள் பெரிய கறுப்புக் கார் ஒன்று நுழைந்தால், ஒன்று ஓட்டுக் கேட்க வந்திருக்கும், இல்லையென்றால் யாரையாவது தூக்கிக்கொண்டு போக வந்திருக்கும். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசை போட்டுவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். வண்டியிலிருந்து இறங்கியது ஜெயவேல். கதை மறுபடியும் தொடங்கியது.

"தே பச்சையம்மா, உன் வூட்டுக்காரரு காரு வாங்கிட்டாருபா!"

"ஆமா வாங்கிட்டாரு. டயரு மட்டும் எங்க்ளுது, மீதி அண்ணாச்சிது," என்றாள் பச்சையம்மா, குடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அண்ணாச்சி என்றால் ஞானசிகாமணி. தண்டையார்பேட்டையில் பருப்பும் மிளகாயும் மொத்த வியாபாரம். கீழே குடோன், மேலே வீடு. அவர் ஊரிலிருந்து வந்து பெரிய ஆளான காலம் தொட்டு ஜெயவேல்தான் டிரைவர். அவர் கையில் இது மூன்றாவது வண்டி. ஆனால் எந்த வண்டியும் இதற்கு முன்னால் இந்த பிளாக்குக்குள் வந்ததில்லை. இரவு வண்டியை குடோன் வாசலில் விட்டுவிட்டு, சாவியை மேலே கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வருவதுதான் ஜெயவேலின் பழக்கம். அந்த வண்டிக்குள் அவர் பெண்டாட்டியோ மகளோ ஒரு தடவையும் ஏறியதில்லை.

இன்றைக்கு வண்டி வந்ததற்குக் காரணம் ஒரு போட்டோ.

அண்ணாச்சியின் மகள் ஜெமிமாவுக்கு வியாழக்கிழமை சர்ச்சில் கல்யாணம். அதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வைத்துப் படம் பிடிக்க வேண்டுமாம். எண்ணூர் போகிற வழியில் கடலோரம் கருங்கல் கொட்டியிருக்கிற இடத்தில், உச்சி வெயிலில், இரண்டு பேரையும் வண்டியின் பானெட்டில் சாய்த்து நிறுத்தி எடுத்தான் போட்டோக்காரன். அந்தப் படங்களைச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது பெரிய டிவியில் போட்டுக் காட்டினார்கள். பெண் அழகாக இருந்தாள். மாப்பிள்ளையும் இருந்தான். இரண்டு பேருக்கும் கீழே, கறுப்புப் பெயிண்ட்டில் வெயில் பட்ட இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி மெல்லிய வட்டங்கள், ஆயிரக்கணக்கில். நடுநடுவே தேமல் மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

"பழைய வண்டியோ?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

அண்ணாச்சி கீழே இறங்கி வந்தார்.

"ஏ ஜெயவேலு, வண்டிய என்னத்த வச்சித் தொடைக்க? தேங்கா நாரு வச்சா?"

"துணிலதான் அண்ணாச்சி..."

"சம்பந்தக்காரி முன்னால என் மானம் போச்சு. இந்த வண்டில பிள்ளைய ஏத்திக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவ முடியாது. டிராவல்ஸ்ல வெள்ள வண்டி சொல்லி வச்சிருக்கேன். டிரைவரும் அவனே அனுப்பிருவான்."

"பாலிஷ் கடைல வுட்டா..."

"கல்யாண வேல தலைக்கு மேல கெடக்கு. வண்டிய அவன்ட்ட போட்டுட்டு நான் நடந்தா போவேன்? ஞாயித்துக்கெழம ஒரு நாளு தாரேன். கெடுத்தவன் நீ, நீயே சரி பண்ணு. திங்கக்கெழம காலைல பாப்பேன். சரியாயிருந்தா நீ ஓட்டு. இல்லன்னா வெள்ள வண்டி."

ஜெமிமாவை எல்.கே.ஜி.யிலிருந்து கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தவர் ஜெயவேல். குற்றாலம் போகும் வழியில் அவள் வாந்தி எடுத்தபோது கையை நீட்டிப் பிடித்தவர். பத்தாவது படிக்கும்போதே அவள் சொல்லிவிட்டாள்: என் கல்யாணத்துக்கு ஜெயவேல் அண்ணன்தான் வண்டி ஓட்டணும் என்று. அந்த வார்த்தையை நம்பி அவர் வெள்ளைச் சட்டையும் பேன்ட்டும் புதிதாகத் தைத்து, பிளாஸ்டிக் உறையோடு ஆணியில் மாட்டி வைத்திருந்தார். வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லாரும் தலையில் அது இடிக்காமல் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அப்படி ஒரு வீடு, அப்படி ஒரு இடத்தில் ஆணி.

மகள் கார்குழலி தலைக்குக் குளித்துவிட்டு முடியை உதறிக்கொண்டு நின்றவள், எல்லாவற்றையும் அப்பா சொல்லக் கேட்டாள்.

"கெட்த்தவன் நீ. இப்டியேவா சொன்னாரு?"

"கோவத்துல ஒரு வார்த்த வுட்டாரு. அத்த வுடு கொயலி."

"அவுருக்குக் கோவம் வந்தா வார்த்த வருது. உனக்குக் கோவம் வந்தா இன்னா வருது நைனா? பிரஷரு மாத்தர."

கார்குழலி கெமிஸ்ட்ரி படித்தவள். மணலியில் ஒரு கம்பெனி லேபில் வேலை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை உள்பக்கமாகத் தாண்டிய முதல் ஆள். படித்ததால் அவளுக்குக் கோபம் வந்ததென்று பிளாக்கில் சிலர் சொல்வார்கள். அது பொய். கோபம் முன்னாலேயே இருந்தது. படித்த பிறகு அதற்குச் சரியான வார்த்தைகள் கிடைத்தன.

"வா. யாரு கெட்த்தாங்கோன்னு நான் பாக்கறேன்," என்று ஈரத்தலையோடு கீழே இறங்கினாள். வண்டியைச் சரி செய்ய அவள் இறங்கவில்லை. அப்பா மேல் தப்பில்லை என்று நிரூபிக்க இறங்கினாள்.

பிளாக்கின் மேற்குப் பக்கம் மதியம் வரை நிழல் இருக்கும். வண்டியை அங்கே தள்ளி நிறுத்தியிருந்தார்கள். கார்குழலி முதலில் வெள்ளைப் புள்ளிகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை.

"எந்தத் தண்ணில கய்வுற?"

"குடோன் போர்ல. மெட்ரோ தண்ணி குடிக்கறதுக்கு. வண்டிக்கு அத்த எடுக்கக்கூடாதுன்னு ஆர்டரு."

"அந்த போர் தண்ணிய வாயில வெச்சிப் பாத்துக்கீறியா?"

"கடல் தண்ணியே தேவல."

"அப்பால? கய்வி வெயில்ல வுட்டா தண்ணி ஆவியா போவும், உப்பு எங்க போவும்? இங்கியே குந்திக்கினு பெயிண்ட்ட தின்னும்." அவள் நிமிர்ந்தாள். முகத்தில் வெற்றி. "ஆக, இத்த கெட்த்தது யாரு?"

ஜெயவேல் சுற்றிலும் பார்த்தார், அண்ணாச்சி எங்காவது நின்று கேட்டுக்கொண்டிருப்பது போல.

உப்புக்கறைக்கு வினிகர் வேண்டும். தெரு முனையில் ஃப்ரைட் ரைஸ் வண்டி போடும் செங்குட்டுவனிடம் வாங்கிவந்தார்கள். அதோடு நல்ல தண்ணீர் கலக்க வேண்டும். அங்கேதான் பச்சையம்மா குறுக்கே நின்றாள்.

"இன்னாது? கய்வுறதுக்கு லாரித் தண்ணியா? காலைல அஞ்சு மணிக்கு எய்ந்து, அந்த ரோசம்மா கூட சண்ட போட்டு, கொடத்த எட்த்துக்கினு வந்தது நானு. அத்த போய் அவுரு காருக்கு ஊத்துவியா?"

"கொஞ்சந்தான்மா."

"அவுரு வண்டிக்கு அவுரே நல்ல தண்ணி ஊத்த மாட்டேன்றாரு! நான் ஊத்தணுமா?"

கொஞ்ச முன்னால் கார்குழலி சொன்ன வாதத்தைத்தான் அம்மா திருப்பிச் சொல்கிறாள். ஜெயவேல் கையைக் கட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்தபடி நின்றார். அந்த நிற்பைப் பச்சையம்மா பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற நிற்பு அது.

"நின்னுக்கினே இரு. கடேசி வரைக்கும் நின்னுக்கினே இரு," என்று சொல்லிவிட்டு மேலே போனாள். இரண்டு குடத்தை இடுப்பிலும் கையிலுமாகக் கொண்டுவந்து வண்டியின் பக்கத்தில் 'ணங்'கென்று வைத்தாள். "ஒரு சொட்டு கீய போவக்கூடாது. சொல்ட்டேன்."

வினிகர் தண்ணீரில் நனைத்த துணியைப் புள்ளிகள் மேல் போட்டு ஊறவைத்து, எடுத்து, உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். தெருப்பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, சிக்கன் ரைஸ் எப்போ ரெடியாவும்?" என்று கேட்டார்கள். புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கிப் போயின. சில பிடிவாதமாக நின்றன.

அப்போதுதான், ஜெயவேல் போனில் கூப்பிட்டிருந்த அத்தாவுல்லா வந்தார். புளியந்தோப்பில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை. ஜெயவேலும் அவரும் ஒன்றாகக் கோலி ஆடியவர்கள். பிளாஸ்டிக் பையில் பாலிஷ் மெஷின், நுரை வட்டுகள், பேஸ்ட் டப்பா, ஒட்டுத்தாள், மெல்லிய புதுத் துணிகள்.

"இன்னா மாமு, பொண்ணுக்கு மின்னாடி காருக்கு அலங்காரமா?"

"நக்கலு பண்ணாத அத்தா. நானே பேஜார்ல கீறேன்."

"பேஜாரு பட்டு இன்னா பிரயோஜனம்? கரன்ட்டு எங்க?"

கீழ் வீட்டு ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தார்கள். அந்த வீட்டுக்காரி, "மீட்டரு ஓடுனா யாரு கட்றது?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, தானே பிளக்கைச் சொருகினாள்.

அத்தாவுல்லா உடனே மெஷினை எடுக்கவில்லை. கதவின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒட்டுத்தாளால் ஒரு சதுரம் கட்டினார். போன் டார்ச்சை அதன் மேல் பிடிக்கச் சொன்னார். வெளிச்சத்தைச் சுற்றி வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டங்கள்.

"பெயிண்ட்டு மேல கண்ணாடி மாரி ஒரு தோலு கீது கொயலிமா. கோடு அந்தத் தோல்லதான். அந்தத் தோல ஒரு மயிரு அளவு எடுத்துட்டா கோடு போய்டும். மெஷின அமுக்காத. படுக்க வாட்டமா புடி. ஓரத்துக்குப் போவாத, சூடேறி எரிஞ்சிரும்."

காலையில் அவள் போனில் பார்த்த வீடியோக்களிலும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். மெஷினை அவளே வாங்கினாள். மெதுவாக, மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும். பேஸ்ட் வெள்ளையாய்ப் பரவி, பால் போல் மெலிந்து, மறைந்தது. மெல்லிய துணியால் மீதியை எடுத்துவிட்டு ஒட்டுத்தாளை உரித்தார்கள்.

சதுரத்துக்குள் ஆழ்ந்த கறுப்பு. டார்ச் வெளிச்சம் ஒற்றைப் பொட்டாக நின்றது. சதுரத்துக்கு வெளியே அதே சிலந்திவலை.

"தே..." என்றார் ஜெயவேல். பக்கத்தில் குந்தி, விரலை அந்தச் சதுரத்தின் மேல் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். "இந்த வண்டி வந்தப்ப இப்டித்தான் இருந்துச்சி. நான் மறந்தே பூட்டேன்."

கார்குழலிக்கு வேலை பிடித்துவிட்டது. ஆனால் வழக்கு முடியவில்லை. புள்ளிகளுக்கு போர் தண்ணீர். வட்டங்களுக்கு?

"நைனா, நீ எப்டித் தொடைப்ப? செஞ்சி காட்டு."

"இதுல இன்னா கீது காட்றதுக்கு?"

"காட்டு."

ஜெயவேலின் தோளில் எப்போதும் ஒரு மஞ்சத் துணி கிடக்கும். டிரைவர்களுக்கென்றே விற்கிற, ஓரம் தைத்த துணி. அதை இழுத்து நான்காக மடித்தார். கழுவாமல் விட்டிருந்த பின்கதவுக்குப் போனார். வரும் வழியில் லாரிகளுக்கு நடுவே வந்ததில் அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். துணியை வைத்து, வாட்டமாக, அழகாக, வட்டம் வட்டமாகத் துடைத்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தக் கைக்கு ஒரு நடை வந்திருந்தது.

'சரக் சரக்' என்று மெல்லிய சத்தம்.

அத்தாவுல்லா சிரித்தேவிட்டார். "மாமு, தொடைக்கறேன்னு நீ உப்புத்தாளு போட்டுத் தேச்சிக்கினு கீற! எண்ணூர்லேந்து வர்ற சாம்பலு, லாரி மண்ணு, கரித்தூளு, அல்லாத்தையும் துணில புடிச்சிக்கினு ரவுண்டு ரவுண்டா சுத்தற. தண்ணியே இல்லாம!"

ஜெயவேல் துணியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பிளாக்கின் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்.

"அப்ப நான்தான் கெட்த்துக்கீறேன். அண்ணாச்சி சொன்னது சரிதான்."

அப்பாவைக் காப்பாற்றக் கார்குழலி இறங்கினாள். அவளே அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். அண்ணாச்சியின் மேல் கட்டி வைத்திருந்த கோபத்தில் பாதிக்கு இனி இறங்க இடமில்லை.

"ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி இப்டித் தொடைப்ப?" என்றாள் கடைசியில்.

"காலைல ஒரு வாட்டி."

"அவ்ளோதானா?"

"அப்பால அண்ணாச்சி மேல ஜன்னலாண்ட வர்றப்ப. சரக்கு வாங்க ஆளு வரசொல்ல. லோடு எறங்கசொல்ல."

"லோடு எறங்கறதுக்கும் வண்டி தொடைக்கறதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"அல்லாரும் வேல செய்வாங்கோ. நான் மட்டும் இன்னா பண்றது? தொடைப்பேன்."

"வண்டி சுத்தமா இருந்தாலுமா?"

"இருந்தாலுந்தான்."

"ஏன் நைனா?"

ஜெயவேலுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. கொஞ்சம் யோசித்து, வழி கேட்டவனுக்கு வழி சொல்வது போலச் சொன்னார்.

"எங்க குந்தறது? வண்டிக்குள்ள குந்துனா ஏசி போட்டுக்கினு தூங்கறான்னுவாங்கோ. மூட்ட மேல குந்தக்கூடாது, அது சாப்புட்ற சரக்கு. கல்லாவாண்ட ஸ்டூலு கீது, அது வர்றவங்க்ளுக்கு. வாசப்படில குந்துனா வழிய அடைக்குது. அப்ப நிக்கணும். சும்மா நின்னா அண்ணாச்சி கண்ணுக்கு உறுத்தும். கைல துணி இருந்தா உறுத்தாது. அதான்."

அவ்வளவுதான் விஷயம். உட்கார ஒரு நாற்காலி இல்லாததால், வேலை செய்வதாகத் தெரியவேண்டும் என்று ஒரு மனிதர் நாள் முழுவதும் கையைச் சுற்றியிருக்கிறார். அந்தச் சுற்று அத்தனையும் பெயிண்ட்டில் பதிந்துவிட்டது. உச்சி வெயிலில் பார்த்தால் தெரியும்.

பச்சையம்மா சோற்றுத் தட்டுகளோடு வந்தவள் படிக்கட்டிலேயே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். தட்டைக் கையில் கொடுத்தாள். மாட்டுக்கறிக் கொழம்பு, எலும்போடு. "அத்தாண்ணே, நீயும் துண்ணு," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எல்லாருக்கும் பயமாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு நிழல் நகர்ந்துவிட்டது. சூட்டில் பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்று வண்டியைக் கிழக்குப் பக்கம் தள்ளினார்கள். பத்து பேர் வந்தார்கள் தள்ள. ஒருவன், "மாமு, நவுறாத வண்டியத்தான் தள்ளுவாங்கோ, நவுற்ற வண்டிய எதுக்குத் தள்ளுறோம்?" என்று கேட்டுக்கொண்டே தள்ளினான். ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம்தான்.

பானெட், கதவுகள், கூரை, டிக்கி. கொஞ்சம் கொஞ்சமாக, கைக்குட்டை அகலம் பார்த்து. கார்குழலி கை ஓய்ந்தால் அத்தாவுல்லா, அவர் ஓய்ந்தால் ஜெயவேல். ஜெயவேல் மெஷினைப் பிடித்தபோது முதலில் வட்டமாகவே சுற்றினார். "நேரா நைனா, நேரா," என்று அவள் அவர் கையைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. பிடிவாதமாக நின்ற புள்ளிகளும் அந்தத் தேய்ப்பில் போயின. ஒரே ஒரு புள்ளி, பானெட்டின் ஓரத்தில், ஆழமாகத் தின்றுவிட்டிருந்தது. அத்தாவுல்லா அதை விடச் சொன்னார். "அதுக்கு மேல போனா பெயிண்ட்டு பூடும்."

"மறுபடியும் கோடு வுயுந்தா மறுபடியும் இப்டிப் பண்ணலாமா?" என்று கேட்டார் ஜெயவேல்.

"இன்னும் ஒரு வாட்டி தாங்கும். தோலு இன்னா மொளைக்கவா போவுது? மாமு, உங்கையால அந்தத் துணிய தொட்டன்னு வெச்சிக்கோ, நானே வந்து உன் கைய ஒடைப்பேன்."

சாயங்காலம் மெழுகு போட்டு முடித்தபோது பிளாக்குச் சுவரில் வரைந்திருந்த பெரிய தலைவர் படத்தின் நீலக் கோட்டு, பட்டன் உள்பட, பின்கதவில் தெரிந்தது. பெண்கள் அந்தக் கதவில் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டார்கள். கார்குழலி அப்பாவின் தோளிலிருந்து மஞ்சத் துணியை உருவினாள்.

"தே, அது எதுக்கு?"

"அடுப்புலேந்து சட்டி எறக்க அம்மாவுக்குத் துணி இல்ல." கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் பச்சையம்மாவிடம் கொடுத்துவிட்டு, அப்பாவிடம் திரும்பினாள். "காலைல ஒரு வாட்டி நல்ல தண்ணி ஊத்தி, இந்தப் புதுத் துணில ஒத்தி எடு. அவ்ளோதான். அவுருகிட்ட போர் தண்ணி மேட்டர சொல்லு. பாதி அவுரு கெட்த்ததுன்னு சொல்லு."

"வியாயக்கெயம வரைக்கும் வுடு கொயலி. அந்தப் பொண்ண ஏத்திக்கினு போய் கோயில்ல எறக்கிட்றேன். அப்பால சொல்றேன்."

"எனக்குப் பட்டம் குடுத்தப்ப நீ எங்க இருந்த?"

"ஏர்போர்ட்டாண்ட. அந்தப் பொண்ணு டெல்லிலேந்து..."

"தெரியும்," என்றாள் அவள். வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மேலே ஏறிப் போனாள்.

திங்கட்கிழமை காலை ஜெயவேல் வண்டியை எடுக்கும்போது டிக்கி சரியாக மூடாமல் இருந்தது. திறந்து பார்த்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கார்குழலி முதல் சம்பளத்தில் வாங்கிப்போட்ட நீல நாற்காலி, கை வைத்தது. வீட்டுக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால் அதில்தான் உட்கார வைப்பார்கள்.

"இத்த யாரு வெச்சது?"

"நாந்தான் வெச்சேன். இன்னா இப்போ?" பச்சையம்மா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா? அண்ணாச்சி இன்னா நெனைப்பாரு?"

"இன்னா நெனைப்பாரு? டிரைவருக்குக் காலு கீதுன்னு நெனைப்பாரு."

அவர் அதை எடுத்துக் கீழே வைத்தார். அவள் எடுத்து உள்ளே வைத்தாள். அவர் மறுபடியும் எடுத்தார். "வெள்ள வண்டி சொல்லி வெச்சிக்கீறாருமே! இன்னிக்கி அவுரு ஓகே சொன்னாதான் நான் ஓட்டுவேன். இந்த நேரத்துலயா?"

"இந்த நேரத்துலதான்."

நாற்காலி மறுபடியும் உள்ளே போனது. பச்சையம்மா டிக்கியை அழுத்தி மூடினாள். அவர் கதவைத் திறந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் அது 'கடகட'வென்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் குடோன் வாசல் வரைக்கும் கூடவே வந்தது.

அண்ணாச்சி பல்குச்சியோடு இறங்கி வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். காலை வெயில் பானெட்டில் நேராக விழுந்தது. அதில் ஒரே ஒரு சூரியன் இருந்தது, சுற்றிலும் ஒன்றுமில்லை. அவர் குனிந்தார். தன் முகத்தைப் பார்த்து மீசையை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டார்.

"யாருய்யா செஞ்சா?"

"நானு, என் தோஸ்து. என் பொண்ணு."

"பொம்பளப் பிள்ளையா! படிச்சிக்கிட்டு இருந்ததே, அதுவா?"

"படிச்சி முடிச்சிட்டு வேலைக்குப் போவுது அண்ணாச்சி."

"நல்லா இருக்கட்டும்." போனை எடுத்து நின்ற இடத்திலேயே பேசினார். "எப்பா, அந்த வெள்ள வண்டி வேண்டாம். ஆமா. நம்ம வண்டியே சரியாயிட்டு. வேணும்னா திரும்பக் கூப்பிடுதேன்." ஜெயவேலைப் பார்த்தார். "நீயே ஓட்டு. பிள்ளையும் அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கு."

ஜெயவேல் தலையை ஆட்டினார். கண் கலங்கியது. அந்த உறைபோட்ட வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது.

"வியாழக்கெழம வரைக்கும் ஒரு தூசி தங்கப்படாது, கேட்டியா? விருந்தாளிங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. தொடச்சிக்கிட்டே நில்லு."

ஜெயவேலின் கை தானாகத் தோளுக்குப் போனது. தோளில் துணி இல்லை.

"தொடைச்சாதான் கோடு வுயுது அண்ணாச்சி," என்றார். சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. "காலைல ஒரு வாட்டி தண்ணி ஊத்தி ஒத்தி எடுத்தா போதும். மெட்ரோ தண்ணி. அந்த போர் தண்ணிலதான் புள்ளி வந்துச்சி. அதுக்கு மேல கை வெக்கக்கூடாது."

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மூட்டையைத் தலையில் வைத்தபடியே நின்றார்.

"அப்ப நாளு முச்சூடும் நீ என்னதான் செய்வ?"

ஜெயவேல் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். நாற்காலியை எடுத்தார். பெயிண்ட்டில் உரசாமல், தலைக்கு மேலே தூக்கிக் கொண்டுவந்து, குடோன் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு இருந்த நிழலில் வைத்தார். தரைக்கல் சமமாக இல்லை. ஒரு கால் ஆடியது. ஓட்டுச் சில்லு ஒன்றைத் தேடி எடுத்து அதன் அடியில் கொடுத்தார்.

"குந்திக்கினு இருப்பேன் அண்ணாச்சி. நீங்க கூப்ட்டா எய்ந்து வருவேன்."

அண்ணாச்சி நாற்காலியைப் பார்த்தார். ஜெயவேலைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். வெள்ளை வண்டிக்காரனின் நம்பர் அதில் இன்னும் அணையாமல் இருந்தது. கட்டைவிரல் அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பல்குச்சியைத் துப்பிவிட்டுப் படியேறினார்.

ஜெயவேல் உட்கார்ந்தார். நாற்காலி ஆடவில்லை.

தெரு முனையில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்பியது. அதன் பின்னால் எழும்பிய புழுதி நிதானமாக வந்து கறுப்புப் பானெட்டின் மேல் படிந்தது. மேலே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. அவருடைய வலது கை மடியை விட்டு எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்து, இரண்டையும் சேர்த்து முழங்கால்களுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டார்.